எழுதிய அளவு

திங்கட்கிழமை காலை அவள் உள்ளே நுழைந்தபோது கம்ப்யூட்டர் என்னவோ இருந்த இடத்தில்தான் இருந்தது. அதற்குள் இருந்ததைத்தான் காணவில்லை. பதினான்கு வருடமாகத் தன் கைக்குத் தோதாக அடுக்கி வைத்திருந்த பட்டன்கள், கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற கட்டளைகள், பழகிய கறுப்புத் திரை எல்லாம் போய், ஒரு நீல மலைப்படம் அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

"சனி ஞாயிறுல எல்லாத்துலயும் விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டாச்சு," என்றார் மாப்பிள்ளை. "இனிமே நாம யாருக்கும் அடிமை இல்ல."

மாப்பிள்ளை என்றால் முதலாளியின் மாப்பிள்ளை. இரும்புப் படிக்கட்டும் கைப்பிடியும் செய்கிற அந்தப் பட்டறையை மாமனார் அவர் கையில் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. எதிரில் எல்லோருக்கும் சார், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை. பழைய வரைபட சாஃப்ட்வேரை விற்றவர்கள் திடீரென்று, ஒரு தடவை வாங்கியதெல்லாம் செல்லாது, இனி வருடா வருடம் வாடகை கட்டு என்று சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வர வேண்டிய ரோஷம்தான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் படம் போடுகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரோஷப்பட்டிருக்கலாம். சமைக்கிறவளைக் கேட்காமல் அடுப்பைப் பெயர்த்துக்கொண்டு போவதற்குப் பெயர் சுதந்திரமா?

"படம் எதுல சார் போடறது?"

"அதை நீங்கதான் செலக்ட் பண்ணப் போறீங்க. லினக்ஸ்ல ஓடற படம் போடற சாஃப்ட்வேர் மூணு இறக்கி வெச்சிருக்கேன். மூணும் ஓபன் சோர்ஸ், காசு கெடையாது. பழைய படம் எல்லாத்தையும் பொதுவான ஃபார்மேட்டுக்கு மாத்தியாச்சு. வெள்ளிக்கிழமை மீட்டிங். எது நமக்கு ஒத்து வரும்னு சொல்லுங்க."

"எந்தப் படத்தை வெச்சுப் பாக்கறது?"

"அந்த ஆறு மாடிப் படிக்கட்டு இருக்கே, அதையே எடுத்துக்குங்க. இருக்கறதுலயே அதுதான் சிக்கலானது."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். தான் என்ன சொன்னோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. அந்தப் படத்தால்தான் அவளுடைய அண்ணனுக்கு வேலை போயிருந்தது.

அண்ணன் கீழே பிளாஸ்மா மெஷினில் தகடு வெட்டியவர், இருபது வருடம். தங்கையை இந்த ஆபீசில் சேர்த்துவிட்டதும் அவர்தான். எப்போதும் கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு வருவதால் அவளுக்குப் பட்டறையில் பென்சிலக்கா என்று பெயர். ஏழு மாதத்துக்கு முன்பு ஆறு மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் படிக்கட்டு ஆர்டர் வந்தது. படிகளைத் தாங்க மாடிக்கு இரண்டாகப் பன்னிரண்டு பக்கத் தகடுகள், பத்து மில்லிமீட்டர் கனம். வெட்டி, பற்றவைத்து, கிரேன் வைத்துத் தூக்கிப் பார்த்தால் மேல்தளத்தைத் தொடவில்லை. எண்பத்தைந்து மில்லி குட்டை. ஒன்றல்ல, ஆறும்.

அன்றைக்குக் கீழே வெட்டும் மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். படத்தைச் சரிபார்த்து வரச்சொல்லி அவளை மேலே அனுப்பினார்கள். அவள் திறந்து பார்த்தாள். மாடி உயரம் 3060 என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு படியும் 180, மொத்தம் பதினேழு படி. கணக்கு நேராக இருந்தது. ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, பதினொரு பேர் முன்னால், "படம் சரியாத்தான் இருக்கு," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள்: "மெஷின்ல ஸ்கேல் மாறியிருக்கும்."

அண்ணன் அவளைப் பார்த்தார். "நான் எதையும் தொடல," என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அன்று சாயங்காலமே அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

இப்போது அதே படத்தை மூன்று சாஃப்ட்வேரில் மூன்று தடவை பார்க்க வேண்டும். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதைக் கொஞ்சம் சாவகாசமாகச் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

முதல் சாஃப்ட்வேர் மத்தியானம் தாண்டவில்லை. அதில் கோடு போடவே முடியாது. படிக்கட்டு வேண்டுமென்றால் படிக்கட்டை வரி வரியாகக் கணக்கில் எழுதித் தர வேண்டுமாம். அதற்குக் 'கணக்கு வாத்தியார்' என்று பெயர் வைத்து மூடினாள். இரண்டாவது சாதுவாக இருந்தது. பெயரும் 'சாது' என்றே வைத்தாள். தட்டையான படம் மட்டும்தான், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்டது. படிக்கட்டுப் படம் பழைய சாஃப்ட்வேரில் எப்படி இருந்ததோ அப்படியே திறந்தது. அதே 3060, அதே 180. செவ்வாய்க்கிழமை முழுக்க அதிலேயே வேலை செய்து பார்த்தாள். கை கொஞ்சம் பழகிக்கூட வந்தது. மனசுக்குள் அதையே முடிவு செய்துவிட்டாள்.

மூன்றாவதற்கு 'வக்கீல்' என்று பெயர். ஒரு கோடு போட்டால் அது ஏன் நேராக இருக்கிறது, எதோடு ஒட்டியிருக்கிறது, எதை நம்பி நிற்கிறது என்று ஆதாரம் கேட்டது. எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் நிறுத்திப் பார்த்தது. புதன்கிழமை காலை பாதி நேரம் அதைத் திட்டியே கழிந்தது. பதினொரு மணிக்கு அதில் படிக்கட்டுப் படத்தைத் திறந்தாள். மாடி உயரம் 2975 என்று காட்டியது. ஒவ்வொரு படியும் 175.

அந்த நேரம் பார்த்து டீ கப்போடு டிகிரி பின்னால் வந்து நின்றார். டிகிரி என்பவர் சீனியர் டிசைனர். எதைப் பேச ஆரம்பித்தாலும் "நான் டிகிரி படிச்சவன்" என்றுதான் ஆரம்பிப்பார், அதனால் அந்தப் பெயர். ஆபீசில் படம் போடுகிறவர்கள் அவரும் அவளும் மட்டும்தான்.

"பாத்தியா? ஓசியில வந்தா இப்படித்தான். எழுதியிருக்கற நம்பரைப் படிக்கக்கூடத் தெரியல. தூக்கிப் போடு," என்றார். "அந்த இன்னொண்ணு நல்லா இருந்துச்சே, அதையே சொல்லிடு."

வெட்கக்கேடு என்னவென்றால், அவளும் அதை நம்பினாள். தலையாட்டிவிட்டு அதை மூடக்கூடப் போனாள். மூடுகிற நேரத்தில்தான் மனசுக்குள் பெருக்கல் ஓடியது. பதினேழு நூற்றெழுபத்தைந்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து. சரியாக இருக்கிறது. நம்பர் படிக்கத் தெரியாத சாஃப்ட்வேர் தப்பைக்கூட இவ்வளவு சுத்தமாகவா செய்யும்? அப்புறம் 3060இலிருந்து 2975ஐக் கழித்தாள். எண்பத்தைந்து வந்தது.

திரும்பிப் பார்த்தபோது டிகிரி தன் இடத்துக்குப் போய்விட்டிருந்தார்.

சாதுவில் படத்தைத் திறந்து, அடியில் ஒரு புள்ளி, உச்சியில் ஒரு புள்ளி தொட்டு அளந்தாள். 2975. மேலே எழுத்தில் 3060 என்று இருந்தது, கோடு 2975 நீளம்தான் இருந்தது. அளவை ரெண்டு தரம் தட்டினாள். சாதாரணமாக அந்தக் கட்டம் காலியாக இருக்கும், கோட்டை அளந்து சாஃப்ட்வேரே நம்பரைப் போட்டுக்கொள்ளும். இதில் அந்தக் கட்டத்துக்குள் யாரோ 3060 என்று டைப் செய்து வைத்திருந்தார்கள், படிக்கான கட்டத்தில் 180 என்றும். கோட்டை நீட்டாமல் நம்பரை மட்டும் மாற்றியிருந்தார்கள். கோடு அவள் போட்டதுதான், ஆனால் எத்தனையோ படங்களுக்கு நடுவில் முதலில் போட்ட நம்பர் அவளுக்கு ஞாபகம் இருக்கவில்லை. சாதுவும் பழைய சாஃப்ட்வேரும் டைப் செய்ததைக் காட்டின. வக்கீல் கோட்டை அளந்து சொன்னது.

வெட்டுகிற மெஷினுக்கு நம்பர் தெரியாது. அது கோட்டின் மேல்தான் போகும். அண்ணன் எதையும் தொடவில்லை.

இதை அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம். ரெண்டு கிளிக், அவ்வளவுதான் வேலை. ஏன் அளக்கவில்லை என்றால், அளக்கக் கூடாது என்பதுதான் தொழிலின் பாடம். பிரிண்ட் சுருங்கும், நீளும், ஆகவே பேப்பரில் ஸ்கேல் வைத்துப் பார்க்காதே, எழுதிய அளவுதான் அளவு. ஒவ்வொரு படத்தின் அடியிலும் அந்த வாசகம் இருக்கும். பேப்பருக்குச் சொன்னதைப் பதினான்கு வருடத்தில் அவள் எல்லாவற்றுக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டாள். எழுதியிருந்தால் சரி.

எழுந்து நேராக டிகிரியின் மேஜைக்குப் போனாள்.

"முதல்ல நான் போட்ட படம் 2975. 3060ன்னு மாத்தினது யாரு?"

அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். "கஸ்டமர் சாயங்காலம் போன் பண்ணி உயரத்தை மாத்தினான். நீ அன்னைக்கு லீவு. அவசரத்துக்கு நம்பரை மட்டும் போட்டு அப்ரூவலுக்கு அனுப்பினேன். காலையில கோட்டைத் திருத்திக்கலாம்னு நெனச்சேன்."

"காலையில?"

"மறந்துட்டேன்."

"பன்னண்டு தகடும் குட்டையா வந்து நின்னப்ப ஞாபகம் வந்துச்சா?"

டிகிரி டீ கப்பை ஒருபுறம் நகர்த்தி வைத்தார். அவருக்கு ஞாபகம் வந்திருந்தது. மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றபோது, அவள் பிரிண்டைக் காட்டியபோது, அண்ணன் ஒரே ஒரு தடவை வாய் திறந்தபோது இந்த மனுஷனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

"ரிட்டையர் ஆக எனக்கு ரெண்டு வருஷம்தாம்மா இருக்கு," என்றார் கடைசியில்.

அவருடைய டீ கப்பை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லை. அதற்காகப் பின்னால் பல நாள் வருத்தப்பட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராக அண்ணன் வீட்டுப் படியேறினாள். அண்ணிதான் கதவைத் திறந்தாள். ஏழு மாதத்தில் அண்ணியின் முகம் ஒட்டிப்போயிருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, வழியை விட்டாள். அண்ணன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். இப்போது ஜன்னல் கம்பி அடிக்கிற ஒரு சின்னக் கடையில் கையால் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் பிடிக்கிறார். முழங்கை வரைக்கும் தீப்பொறி பட்ட புள்ளிகள். இருபது வருடம் மெஷினை ஓட்டிய கை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். 3060, 2975, லீவு போட்ட நாள், டிகிரி மறந்தது, மறைத்தது. சொல்லச் சொல்லக் கொஞ்சம் உற்சாகம்கூட வந்துவிட்டது. அண்ணன் துள்ளி எழுவார், டிகிரியை நாலு வார்த்தை கேட்பார், அப்புறம் தன்னை உட்காரச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

அண்ணன் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தார்.

"இது எனக்கு முன்னாடியே தெரியும்," என்றார்.

"எப்படிண்ணா?"

"நான் எதையும் தொடலைன்னு எனக்குத் தெரியாதா? நான் தொடலைன்னா படம்தான் தப்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரு சாஃப்ட்வேர் வேணுமா?"

அண்ணன் குழாயை மூடினார்.

"டிகிரி மேல எனக்குக் கோவமே இல்ல. அவன் யாரு, நான் யாரு. மாட்டிக்கக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டான். நான் கேக்கறது உன்னைத்தான். அன்னைக்கு நீ அளந்து பாத்தியா?"

"இல்லண்ணா. எழுதியிருந்ததைப் பாத்து…"

"பதினாலு வருஷம் நான் வெட்டினதையும் பாத்திருக்க. ஒரு மில்லி தப்பியிருக்கா? எழுதியிருந்ததை நம்பின, என்னை நம்பல."

"வந்தவளை உக்காரவாச்சும் சொல்லுங்க," என்றாள் அண்ணி.

"உக்காரட்டும், யாரு வேணாம்னது," என்று அண்ணன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "ஆனா ஒண்ணு. மேல ஆபீஸ் கண்ணாடி ரூமுக்குள்ள ரெண்டு பேருகிட்ட சொல்லிட்டு வந்து எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லாத. எங்க நின்னு சொன்னியோ அங்க நின்னு சொல்லு. எனக்கு வேலை வேணாம். என் பேரு அந்த மேஜையிலதான் போச்சு."

அவள் உட்காரவில்லை.

வியாழக்கிழமை மீதிப் படங்களைத் திறந்தாள். பட்டறையில் மொத்தம் அறுநூறு படம் இருக்கும். நாற்பதைத்தான் அளக்க முடிந்தது. ஒன்பதில் நம்பர் ஒன்று, கோடு வேறொன்று. சிலவற்றில் இரண்டு மில்லி, ஒன்றில் முப்பது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இங்கே ஒரு தோட்டத்தையே மறைத்திருந்தார்கள். எத்தனை தடவை கீழே யாராவது ஒருவர் "ஒழுங்கா வெட்டத் தெரியல" என்று திட்டு வாங்கியிருப்பார் என்று யோசித்தபோது, அதில் பாதித் திட்டுக்குத் தானும் ஒத்து ஊதியது ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை மேலே கண்ணாடி அறையில் நடந்த மீட்டிங்கில் மூன்று பேர்தான். மாப்பிள்ளை, டிகிரி, அவள். அவள் ஒன்பது படங்களையும் பிரிண்ட் எடுத்து மேஜையில் பரப்பினாள். பத்தாவதாகப் படிக்கட்டு. எந்த நம்பர் டைப் செய்தது, எந்த நம்பர் கோட்டின் உண்மையான நீளம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தாள். மாப்பிள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிகிரி தரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவர் என்றால் எதிர்த்து நிற்பது சுலபம். அவர் நெற்றியைத் தேய்த்துவிட்டு, மெதுவாகத்தான் பேசினார்.

"அண்ணனுக்கு அநியாயம் நடந்துபோச்சு. ஒத்துக்கறேன். திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. அதே மெஷின், அதே சம்பளம். ஆனா ஏன் எதுக்குன்னு கீழ யாருக்கும் சொல்ல வேணாம். ஒன்பது படம் தப்புன்னு வெளிய போச்சுன்னா எந்தக் கஸ்டமர் நம்மளை நம்புவான்? சாஃப்ட்வேருக்கு நீங்க சாதுன்னு சொல்ற அதையே வெச்சுக்கலாம். பழைய படம் எல்லாம் பழையபடியே தெரியுது இல்ல?"

"பழைய பொய் எல்லாம் பழையபடியே தெரியும் சார்."

"அப்படிச் சொல்லாதீங்க. மெதுவா ஒண்ணொண்ணா திருத்திக்கலாம்."

திங்கட்கிழமை என்றார். அதே மெஷின் என்றார். அண்ணியின் ஒட்டிப்போன முகம் கண்முன் வந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் வேலை வேண்டாம் என்றது கோபத்தில்தான், அண்ணி பேசிச் சம்மதிக்க வைத்துவிடுவாள். அவள் வாய் திறந்து சரி சொல்லத்தான் போனாள். அதற்குள் டிகிரி நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சுச் சத்தம் காதில் விழுந்ததும் அவளுக்குள் எரிந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

"எதுல படம் போடறதுன்னு என்னைத்தானே சொல்லச் சொன்னீங்க?" என்றாள். "வக்கீல்தான். மூணாவது. என் கையெழுத்து போட்டிருக்கு, ரிப்போர்ட் உங்க மேஜையில இருக்கு. யாருக்கும் அடிமை இல்லைன்னு திங்கக்கிழமை சொன்னீங்க. நம்பரை அடிச்சு மூடி வெக்கிற பழக்கத்துக்கு மட்டும் அடிமையா இருக்கணுமா?"

"பொறுங்க. எங்க போறீங்க?"

அவள் படிக்கட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

பட்டறையில் வழக்கமான இரைச்சல். வெட்டும் மேஜையில் அண்ணன் இடத்தில் இப்போது வேறொரு ஆபரேட்டர். முப்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவன். புதுத் தகட்டை ஏற்றி நிறுத்தி, ஆரம்பிக்கப் போகிற நேரம். கொஞ்சம் நிறுத்து என்று கை காட்டினாள். வெல்டர்கள் முகமூடியைத் தூக்கினார்கள். பெயின்ட் அடிப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு நின்ற அதே பதினொரு பேர் இல்லை, இரண்டு பேர் மாறியிருந்தார்கள். இருந்தாலும் போதும்.

"ஏழு மாசத்துக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு படம் சரின்னு சொன்னேன்," என்றாள். குரல் கடைசி ஆள் வரைக்கும் போயிற்று. "படம் தப்பு. நம்பரை மட்டும் மாத்தி, கோட்டை மாத்தாம அனுப்பியிருக்காங்க. எங்கண்ணன் எதையும் தொடல. அவரு வெட்டினது ஒரு மில்லிகூட மாறல. நான் அளந்து பாக்காம, மெஷின்ல தப்புன்னு என் வாயால சொன்னேன். அது பொய்."

வயசான வெல்டர் ஒருவர் கையுறையைக் கழற்றினார். "எங்களுக்குத் தெரியும்மா," என்றார். "அவரு அப்படிப் பண்ற ஆளில்லன்னு எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியலையேன்னு நெனச்சோம்."

அண்ணன் கேட்டதைவிட இது அதிகமாகச் சுட்டது. அவள் தலையைக் குனியவில்லை. குனிய அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

புது ஆபரேட்டர் மேஜையில் கிளிப் போட்டு வைத்திருந்த பிரிண்டை எடுத்து அவளிடம் நீட்டினான். அன்றைக்கு வெட்ட வேண்டிய படம். பால்கனிக் கைப்பிடிக்கான தகடுகள், முப்பத்திரண்டு. மூலையில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் டிகிரியின் கையெழுத்து இல்லை, அவளுடையது இருந்தது.

"அப்ப இதை அளந்து பாத்தீங்களாக்கா?" என்று கேட்டான்.

போன மாதம் போட்ட கையெழுத்து. நம்பரைப் பார்த்துப் போட்டது.

"இல்ல," என்றாள்.

அவன் மெயின் சுவிட்சை இறக்கினான். இரைச்சல் அடங்கியதும் மேலே கண்ணாடி அறைக் கதவு திறந்தது. மாப்பிள்ளை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"யாரு மெஷினை நிறுத்தச் சொன்னது?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றாள்.